தாய் நலம், சேய் நலம்... அப்பா?

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு திரும்புவாள். வாடகைக் காரிலிருந்து தொட்டில் கம்பி, பிளாஸ்க், பேபி சோப், பிரசவ லேகிய பாட்டில் என்று ஒவ்வொன்றாக இறங்கும். வாசலில் ஆரத்தி எடுப்பார்கள். அதுவரை சனி, ஞாயிறு மட்டும் மாமனார் வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்தவர், அன்று இரவு முதல் முழுநேர அப்பா. இரண்டு மணிக்கு அழுகை, நான்கு மணிக்கு அழுகை, ஆறு மணிக்கு பால் பாக்கெட், எட்டரைக்கு வேலை. வருகிற உறவுக்காரர்கள் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா என்பார்கள், பெண்ணுக்கு உடம்பு தேறிவிட்டதா என்பார்கள். “நீ எப்படிப்பா இருக்கே?” என்று அவரிடம் கேட்க அங்கே ஆள் இருக்காது.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் ஜேம்ஸ் பால்சன், ஷார்னெயில் பேஸ்மோர் இருவரும் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அதற்கு முன் நடந்த 43 ஆய்வுகளையும், அவற்றில் கலந்துகொண்ட 28,004 பேரின் விவரங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மனைவி கர்ப்பமாக இருந்த காலம் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது. சரியான கணக்கு 10.4 சதவிகிதம். குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும்போது இது 25 சதவிகிதத்தைத் தொட்டது. அந்த மாதங்களை அளந்த ஆய்வுகள் குறைவு என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும், நம் ஊர் வாசலில் அந்தக் கார் வந்து நிற்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான்.

பெற்றவளுக்கு உடம்பில் மாற்றம் வரும், ஆணுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. திருமணமாகி அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் ஹார்மோன் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவு. இது நோயல்ல, குழந்தை வளர்ப்புக்கு உடம்பு தயாராகிறது என்றே அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். இதோடு தூக்கமின்மை, கடன், ஆஸ்பத்திரி பில், மனைவியின் உடல்நிலை எல்லாம் சேர்ந்துகொண்டால் சிலருக்குத் தாங்குவதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987-ல் எடின்பரோவில் உருவானது. பத்தே கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண். சிரிக்க முடிகிறதா, தப்பு நடந்தால் காரணமில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாரா, தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா என்று போகும். ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் மேத்தே குழுவினர் இதே தாளை அப்பாக்களிடம் கொடுத்துப் பார்த்து 2001-ல் முடிவை எழுதினார்கள். அழுகை பற்றிய கேள்விக்குப் பெண்கள் சொல்லும் அளவுக்கு ஆண்கள் ‘ஆமாம்’ சொல்வதில்லை. அதனால் பெண்களுக்கு வைக்கும் அளவுகோலைவிட இரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்தாலே ஆணைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். ‘ஆம்பளப் பசங்க அழக் கூடாது’ என்று ஐந்து வயதில் சொல்லி வளர்த்ததற்கு முப்பது வயதில் கழியும் மதிப்பெண் இது.

மார்க் வில்லியம்ஸ் கதை இந்த விஷயத்தில் தவிர்க்க முடியாதது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்காரர். 2004-ல் மகன் பிறந்தபோது பிரசவம் சிக்கலாகி, அவசர அறுவை சிகிச்சை என்று டாக்டர்கள் சொல்ல, பிரசவ அறையிலேயே அவருக்குப் படபடப்பு வந்து மூச்சு முட்டியது. பிறகு மனைவிக்குக் கடுமையான மனச்சோர்வு. அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். தன் நிலைமையை யாரிடமும் சொல்லவில்லை. குடி கூடியது, கோபம் கூடியது. சில ஆண்டுகள் கழித்து மொத்தமாக உடைந்த பிறகுதான் சிகிச்சைக்குப் போனார். ஜிம்மில் தற்செயலாக இன்னொரு அப்பாவோடு பேசியபோது, அவருக்கும் இதே அனுபவம் என்று தெரியவந்தது. அந்தப் பேச்சிலிருந்துதான் அப்பாக்களுக்கான ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கும் எண்ணம் வில்லியம்ஸுக்கு வந்தது. தந்தையர் தினத்துக்கு அடுத்த திங்கட்கிழமையை அப்பாக்களின் மனநல நாளாக அனுசரிக்கும் வழக்கமும் அவரும் அமெரிக்க உளவியலாளர் டேனியல் சிங்லியும் சேர்ந்து தொடங்கியது. 2018 டிசம்பரில் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிரசவத்தையொட்டிக் கடுமையான மனநலப் பிரச்னைக்கு ஆளான பெண்களின் கணவருக்கும் மனநலப் பரிசோதனை உண்டு என்றது அது.

அப்பா கொஞ்சம் சிடுசிடுவென்று இருந்தால் குடியா முழுகிவிடும் என்று தோன்றலாம். பிரிஸ்டல் நகரை ஒட்டிய ஏவான் பகுதியில் நடந்த நீண்டகால ஆய்வின் முடிவு 2005-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. குழந்தை பிறந்து எட்டாவது வாரத்தில் மனச்சோர்வோடு இருந்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு, மூன்றரை வயதில் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்கள் அதிகம் இருந்தன. ஆண் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் கூடுதல். அம்மாவின் மனச்சோர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

‘கேஸ் டிரபிள் சார்’

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து கண்ணீர் விடுவது என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்பாக்களுக்கு அது பெரும்பாலும் அந்த வேஷத்தில் வருவதில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளுவார். வீட்டுக்கு வரப் பிடிக்காமல் ஓவர்டைம் பார்ப்பார். பைக்கைத் தாறுமாறாக ஓட்டுவார். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் நள்ளிரவுக்குத்தான் இறங்குவார். தெருமுனை டாக்டரிடம் போனால், ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, கேஸ் டிரபிள் சார்’ என்பார். ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். வாயு மாத்திரை, கூடவே சத்து மாத்திரை, அடுத்தவர் வரலாம். அந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்து, ‘வீட்ல எல்லாம் சரியா? தூக்கம் எப்படி?’ என்று கேட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கும். மாலை நேரத்தில் அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் அதற்கு நேரம் இல்லை என்பதும் உண்மைதான்.

மருந்துக் கடையில் சொந்தமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. அதைவிடச் சுலபமான வழி டாஸ்மாக். மனச்சோர்வுக்கும் குடிக்கும் எது முன், எது பின் என்று பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். ஆனால் குடியை நிறுத்த வந்த இடத்தில் மனநோய் கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை கிடைத்த அப்பாக்கள் ஏராளம். கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவரோடு அவர் குடும்பத்தினருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் வைத்திருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, விலாசம் கேட்பதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ம் ஆண்டு அறிக்கையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அதில் ஆண்கள் 1,18,979. திருமணமான ஆண்கள் மட்டும் 81,063. திருமணமான பெண்கள் 28,680. மொத்தத்தில் கால்வாசிக்கு மேல், அதாவது 42,004 பேர் தினக்கூலிகள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 18,925. வயது, படிப்பு, வருமானம், தொழில் என்று அந்த அறிக்கையில் அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்பதைச் சொல்லும் அட்டவணைதான் கண்ணில் படவில்லை. திருமணமான எண்பத்தோராயிரம் ஆண்களில் எத்தனை பேர் அப்பாக்கள் என்பதை அவரவர் ஊகிக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் கைக்குழந்தை வைத்திருப்பவர்களின் கதை மட்டும் அல்ல. பெண்ணின் கல்யாணக் கடன், பையனின் கல்லூரிக் கட்டணம், நடுவயதில் பறிபோகும் வேலை, பேச்சு வராத பிள்ளையைத் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு அலையும் ஆண்டுகள், விவாகரத்துக்குப் பிறகு கோர்ட் வளாகத்தில் மட்டும் பார்க்கக் கிடைக்கும் குழந்தை... அப்பா சரிந்துபோக வயது வரம்பு இல்லை.

எந்தக் கதவைத் தட்டுவது?

பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்னைகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேருக்கு சிகிச்சை எட்டவில்லை என்றது அது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். இருக்கும் இடம் தெரியாததும், தெரிந்தும் போகக் கூசுவதும் மற்ற காரணங்கள். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நகைச்சுவைக் காட்சிகளில் தேய்த்து வைத்திருக்கும் ஊர் இது. அங்கே சீட்டு வாங்கப் போகிறவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நுழைகிறார்.

கூச்சப்படுகிறவருக்கு முதல் வழி, போன். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையைச் சொல்வார். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பல ஆண்கள் எண்ணை அழுத்திவிட்டுத் துண்டிக்கிறார்கள். ‘குழந்தை பொறந்து நாலு மாசம் ஆச்சு, எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, எல்லார் மேலயும் எரிச்சல் வருது’ என்று தொடங்கினால் போதும். நோயின் பெயரை அப்பா கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

அறிவுரையே வேண்டாம், யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ‘ஸ்நேகா’ இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம். தன்னார்வலர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். எண்: 044-24640050.

நேரில் போவதானால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் மூலம் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருகிறார். எந்த நாள் என்பதை அந்த மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, ‘டாக்டர் இன்னிக்கு இல்ல’ என்று கேட்டால் மறுபடி வர மாட்டார். ஓ.பி. சீட்டு, வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை என்று காலைப்பொழுது முழுக்கப் போகும். மருந்து இலவசம்.

தனியாரிடம் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். வெறும் ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்ட நம் ஊரில் யாருக்கும் தடையில்லை என்பதால், படிப்பையும் பதிவையும் கேட்பதில் தப்பே இல்லை. பெருநகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவது சாதாரணம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் காசு கொடுக்கும் என்பதால், வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரும் அப்பாவுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

அதே சட்டத்தில் அப்பாக்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று இருக்கிறது. சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது நோயாளியின் உரிமை. ஆபீசில் தெரிந்துவிடும், நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்து ஒதுங்குபவர்கள், சட்டப்படி தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஆனால் குமட்டல் மாதிரியான தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொந்தரவு முன்னாலும் குணம் பின்னாலும் வருவதால், ‘எனக்கு ஒத்துக்கல’ என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். இதைச் சீட்டு எழுதும்போதே மருத்துவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். தூக்க மாத்திரைக்கு உள்ள பழக்கமாகும் அபாயம் இவற்றுக்கு அப்படி இல்லை. அதற்காகத் திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாது.

வீட்டிலிருந்து...

பெரும்பாலான அப்பாக்களை முதன்முதலில் டாக்டரிடம் கூட்டிவருவது மனைவி; சில வீடுகளில் அக்கா, தங்கை. எடுத்த எடுப்பில் ‘உங்களுக்கு மனசு சரியில்ல, சைக்யாட்ரிஸ்ட்ட போங்க’ என்றால் சண்டைதான் வரும். ‘என்னங்க, ரெண்டு மாசமா சரியாத் தூங்கவே இல்லையே, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம், நானும் வரேன்’ என்பது வேலைசெய்யும். உடம்பைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறவரை உடம்பைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை போன்றவையும் இதே சோர்வைத் தரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எப்படியும் தேவைப்படும். நண்பர்கள் விஷயத்தில், ‘மச்சி, சரக்கு அடிச்சா சரியாயிடும்’ என்பவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

செத்துவிடலாம் போலிருக்கிறது என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றோ அவர் வாயில் வந்தால், அதைக் கோபத்தில் சொன்னதாக ஒதுக்க வேண்டாம். தனியாக விடாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டும். 108 இதற்கும் வரும்.

குடும்பம் செய்வதைக் குடும்பம் செய்யட்டும்; அரசாங்கமும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது தனியாக இருக்கிறது. ஸ்வீடனில் 2012-ல் ஒரு சின்னச் சட்டத் திருத்தம் வந்தது. குழந்தையின் முதல் ஆண்டில் அம்மா விடுப்பில் இருக்கும்போதே, அப்பாவும் தேவைப்படும் நாளில் லீவு எடுக்கலாம், அதிகபட்சம் 30 நாள். இதன் விளைவை ஆராய்ந்த பெட்ரா பெர்ஷன், மாயா ராசின் ஸ்லேட்டர் என்ற பொருளாதார அறிஞர்கள், பிரசவமான முதல் ஆறு மாதத்தில் தாய்மார்களுக்குப் பதற்றத்துக்கான மருந்து எழுதப்படுவது 26 சதவிகிதம் குறைந்ததைக் கண்டார்கள். அப்பா வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு நல்லது. மனைவியின் மனச்சோர்வு கணவனையும் இழுக்கும் என்பதால் அது அவருக்கும் நல்லது. இங்கே மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைக்குச் சட்டமே இல்லை. கம்பெனி மனது வைத்தால்தான். தாய்க்கு 26 வாரம் என்று 2017-ல் திருத்திய நாட்டில் தந்தைக்கு ஒரு நாள்கூடக் கட்டாயம் இல்லை என்பது வெட்கப்பட வேண்டிய கணக்கு.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபிளெட்சர் குழு உருவாக்கிய எஸ்.எம்.எஸ்.ஃபார்டாட்ஸ் இன்னும் எளிமை. பெயரைப் பதிந்துகொண்ட அப்பாவின் போனுக்கு, மனைவியின் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை குறுஞ்செய்திகள் போகும். குழந்தையைத் தூங்கவைக்க ஒரு யோசனை, மனைவியிடம் பேச ஒரு யோசனை, இடையிடையே ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி. நன்றாக இல்லை என்று பதில் போட்டால், உதவி மையத்திலிருந்து போன் வரும். அப்பா யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதுக் கட்டமைப்பே தேவையில்லை. கர்ப்பம் பதிவானதும் தாயின் விவரங்கள் அரசின் பிக்மி பதிவேட்டில் ஏறுகின்றன. பிரசவத்துக்குப் பிறகு கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று குழந்தையையும் மனைவியையும் பைக்கில் ஏற்றி வருகிற அப்பாக்கள், வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு வெளியே நிற்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்துபோய் இருந்ததா என்ற இரண்டு கேள்விகள் உலகம் முழுக்க முதல்கட்டச் சோதனையாகப் பயன்படுபவை. கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. அவரையும் உள்ளே கூப்பிட்டு அந்த இரண்டையும் கேட்டு, தாயின் பதிவேட்டிலேயே ஒரு வரி எழுதும்படி மக்கள் நல்வாழ்வுத் துறை செவிலியர்களுக்கு உத்தரவிட வேண்டும். செவிலியர்களின் வேலைச்சுமை ஏற்கெனவே அதிகம். அதற்கேற்ப ஆள் போடுவதும் அந்த உத்தரவிலேயே இருக்கட்டும்.

உத்தரவு வரும்வரை, 14416 என்ற எண்ணை உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் அப்பாவான தம்பிக்கோ, மாப்பிள்ளைக்கோ, பக்கத்து சீட்டுக்காரருக்கோ அதை அனுப்பிவிட்டு, குழந்தையை விசாரிப்பதற்கு முன்னால் அவரை விசாரியுங்கள்.